கம்பிச் சடக்கு ஓரத்து ஊர்

(கெமாஸ் வட்டாரத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் வழக்கமாக நாம் பேசுவது சம்பளம், மழை நாள் வேலை, மருத்துவச் சீட்டு, ஒழுகும் கூரை. இன்றைக்கு "நம் ஊரின் வரலாற்றைக் காப்போம்" என்று அறிக்கைப் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, வாசற்படியிலேயே ஒரு தோழர் நம்மை மடக்கினார். "ஊர்க் கதை பேசினால் ஒட்டுப்பாலுக்குக் கிலோவுக்கு ஒரு காசு கூடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கூடாது. ஆனால் ஒரு மனிதருக்குக் கிடைக்க வேண்டிய நீல அடையாளக் கார்டு, ஒரு பழைய புத்தகம் இல்லாத காரணத்தால் கிடைக்காமல் நிற்கிறது. அந்தப் புத்தகத்தைத் தீயில் போட்டவர்கள் கிராணிகளாகிய நாமேதாம். அதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் ஊரைப் பற்றிப் பேசுவோம். ஊர் தெரியாமல் அந்தப் புத்தகத்தின் அருமை தெரியாது.

நம் கெமாஸ் பெரிய பட்டணம் அல்ல. நெகிரி செம்பிலானின் தென்கிழக்கு மூலையில், ஜொகூர் எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர். அரண்மனை கிடையாது, துறைமுகம் கிடையாது, ஈயச் சுரங்கம் கொடுத்த செல்வம் கிடையாது. ஆயினும் இந்த நாட்டின் ரயில் படத்தை எடுத்து விரித்தால், கண் முதலில் வந்து நிற்கும் இடங்களில் கெமாஸ் ஒன்று. மேற்குக் கரைப் பாதை 1906இல் இங்கு வந்து சேர்ந்தது. இங்கிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை போட்ட பாதை 1909இல் முடிந்தது. கிழக்குக் கரைப் பாதையின் வேலை 1907இல் இங்கே தொடங்கி, 1910இல் பகாவை எட்டி, 1917இல் கோல லிப்பிசை எட்டி, வடக்கே தும்பாட்டிலிருந்து இறங்கி வந்த பாதையோடு 1931 செப்டம்பரில் கைகோத்தது. இருபத்து நான்கு ஆண்டு வேலை! முதற்கட்டையைப் போட்டபோது பிறந்த பிள்ளை, கடைசிக் கட்டை விழும்போது கல்யாணம் முடித்துக் கையில் பிள்ளையோடு நின்றிருக்கும்.

ஆக, இந்த ஊரைப் பெற்றது தண்டவாளம். நிலையம் வந்தது, அதன் பின் எஞ்சின் கொட்டகை, அதன் பின் ரயில்வே குடியிருப்பு, அதன் பின் சீனர் கடை வரிசை, மலாய்க்காரர் சந்தை, நம்மவர் தோசைக் கடை, கோவில். ரயில் வந்த வழியெல்லாம் கித்தாத் தோட்டம் வந்தது. பால்ஷீட்டுக் கட்டுகள் மாட்டு வண்டியிலும் பின்பு லாரியிலும் நிலையத்துக்கு வந்து, பெட்டியில் ஏறிச் சிங்கப்பூருக்குப் போயின. திரும்பும் வண்டியில் அரிசியும் உப்புக் கருவாடும் தபாலும் வந்தன. ஊரிலிருந்து புதிதாய் வந்த ஆட்களும் அதே வண்டியில்தான் வந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, தடைமுகாமில் நாள் கழித்து, கங்காணி பின்னால் வரிசையாய் நடந்து ரயிலேறிய நம் தாத்தாமார் முதன்முதலாகப் பார்த்த மலாயா, ரயில் பெட்டியின் சன்னல் வழியே பார்த்த மலாயாதான்.

இனி, இந்தத் தண்டவாளத்தைப் போட்டவர் யார் என்று கேட்போம். வெள்ளைக்கார எஞ்சினீயர் கோடு போட்டார். அதை நாம் மறுக்கவில்லை. காடு வெட்டிய மலாய்க்காரரும், மண் சுமந்த சீனரும் இருந்தார்கள். அவர்களை மறந்துவிட்டு நாமே எல்லாம் செய்தோம் என்று மார்தட்டுவது அழகல்ல. ஆனால் கட்டையைத் தோளில் சுமந்து, கம்பியை இறக்கி, சல்லியைக் குத்தி, அதற்குப் பின் ஆண்டுக்கணக்கில் அதைக் கட்டிக் காத்த வேலையில் தமிழரே மிகுதி. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் கங்காணி முறையில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தனர், 1938இல் இந்திய அரசு அதைத் தடுக்கும் வரை.

கேங் வேலை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் கிளையில் இருந்த பெரியவர்கள் சொல்லக் கேட்டதைச் சொல்கிறோம். ஒரு மண்டோர், அவர் கீழே ஒரு கேங், அவர்களுக்கென்று சில மைல் தூரம். விடியுமுன் கீமேன் நீண்ட சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தூரம் முழுதும் நடப்பார். கம்பியைத் தட்டிப் பார்ப்பார். தளர்ந்த ஆணியின் சத்தமும் இறுகிய ஆணியின் சத்தமும் அவர் காதுக்கு வேறு வேறு. நாம் பால் வெட்டும்போது பட்டையின் கனத்தை உளி சொல்லுவது போல, அவருக்குச் சுத்தியல் சொல்லும். வெயில் ஏறினால் கம்பி நீளும், பக்கவாட்டில் நெளியப் பார்க்கும். மழை பெய்தால் மண் இளகிக் கட்டை உட்காரும். உட்கார்ந்த கட்டையைக் கடப்பாரை கொடுத்துத் தூக்கி, சல்லியை அடியில் திணித்துக் குத்த வேண்டும். நாலு பேர் ஒரே தாளத்தில் குத்தினால்தான் கட்டை சமமாய் நிற்கும். அதற்குப் பாட்டு உண்டு. மண்டோர் ஓர் அடி எடுத்துக் கொடுக்க, கேங் முழுதும் வாங்கிப் பாடும். அந்தப் பாட்டில் ஒன்றைக்கூட நாம் எழுதி வைக்கவில்லை. பாடினவர்கள் போய்விட்டார்கள்.

கட்டை என்றால் செங்கால் மரம். இரும்பு போன்ற மரம். கரையான் அரிக்காது என்பார்கள். ஆனால் அதைச் சுமந்த மனிதனைக் கொசு அரித்தது. மலேரியாக் காய்ச்சல் வாங்கிய உயிர்கள் கொஞ்சமா? அந்தக் காலத்தில் கொய்னா மாத்திரைக்குப் பயந்து, வாயில் வாங்கி வெளியே துப்பினவர்களும் உண்டு. கொய்னா கிடைக்காமல் போனவர்களும் உண்டு. பாதை ஓரத்தில் எங்கெங்கே புதைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பழைய அறிக்கைகளைப் புரட்டினால் எத்தனை மைல் என்று இருக்கும். பாலம் எத்தனை அடி என்று இருக்கும். எஞ்சின் எந்தக் கம்பெனியில் செய்தது, என்ன விலை என்று இருக்கும். ஆட்களைப் பற்றி, எத்தனை தலை என்று இருக்கும். பெயர் இருக்காது.

நிலையத்துக்குள்ளேயும் ஒரு படிக்கட்டு இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மேலே வெள்ளைக்காரர். அடுத்து ஸ்டேஷன் மாஸ்டர், டிக்கெட் கிராணி, தந்திக் கிராணி; இவர்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர் மிகுதி, ஆங்கிலப் படிப்பு உள்ளவர்கள். கீழே நம் ஊர்த் தமிழர். கேங்கிலும், எஞ்சினுக்குக் கரி அள்ளும் வேலையிலும். பேசும் மொழி ஒன்று. உட்காரும் நாற்காலி வேறு. தோட்டத்திலும் இதே கதைதானே? கிராணி வீட்டுத் திண்ணையில் பால்மரத் தொழிலாளி உட்காராத காலம் ஒன்று இருந்தது. கிராணியாகிய நாம் இதைச் சொல்வதற்கு வெட்கப்படத்தான் வேண்டும். ஆனாலும் வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் நமக்குப் பிடித்ததை மட்டும் எழுத முடியாது. அந்த யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர் நள்ளிரவில் விளக்கோடு மேடையில் நின்று, ஒற்றைப் பாதைக்கான சாவி வளையத்தை ஓடும் எஞ்சினுக்கு எட்டிக் கொடுத்ததும் இந்த ஊரின் வரலாறுதான். அந்த வளையம் கைக்கு வராமல் எந்த டிரைவரும் அடுத்த நிலையத்துக்கு வண்டியை ஓட்ட மாட்டார். ஒரு பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வராமல் காத்த வளையம் அது.

கரி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ரயிலுக்கு எரிந்த கரியில் பெரும்பகுதி சிலாங்கூரில் பத்து ஆராங் சுரங்கத்திலிருந்து வந்தது. 1915இல் திறந்து 1960இல் மூடிய சுரங்கம். அங்கே 1937இல் நடந்த வேலைநிறுத்தத்தைச் சங்கத்துக்காரர் மறக்கக் கூடாது. கெமாஸ் கொட்டகையில் மண்வாரியோடு நின்ற தமிழனும், பத்து ஆராங் குழியில் இறங்கிய தொழிலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. ஒருவர் வெட்டியதை மற்றவர் எரித்தார், அவ்வளவுதான் உறவு. அதைச் சொல்லும் கல்வெட்டு எங்கும் கிடையாது.

கல்வெட்டு இருக்கும் இடம் ஒன்றைச் சொல்கிறோம். கெமாசுக்கும் கெமெஞ்சேவுக்கும் இடையே ஆற்றுப் பாலம் ஒன்று உண்டு. 1942 ஜனவரி 14ஆம் நாள், சைக்கிளில் வந்த ஜப்பான் படையை ஆஸ்திரேலியப் பட்டாளம் அங்கே மறைந்திருந்து தாக்கி, பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது. அந்த இடத்தில் நினைவுச் சின்னம் நிற்கிறது. தம் நாட்டான் சண்டையிட்ட இடத்தைப் பார்க்க ஆஸ்திரேலியர் கடல் கடந்து வருகிறார்கள், மலர்வளையம் வைக்கிறார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. தம் மக்களை மறக்காதவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றே சொல்கிறோம்.

ஏனென்றால் அதே போரில் நமக்கு நடந்ததற்கு இந்த ஊரில் ஒரு கல்லும் கிடையாது. ஜப்பான்காரன் கிழக்குக் கரைப் பாதையில் பஹாங், கிளந்தான் பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்தான். தம்பினிலிருந்து மலாக்கா போன கிளைப் பாதை 1905இல் போட்டது, அதையும் பெயர்த்தான். அது திரும்பப் போடப்படவே இல்லை. இன்றைக்கு மலாக்கா நகரத்துக்கு ரயில் கிடையாது. பெயர்த்த கம்பியைச் சயாம்-பர்மா பாதைக்கு அனுப்பினான். தோட்டத்து ஆட்களையும் அதே திசையில் சரக்குப் பெட்டிகளில் ஏற்றி அனுப்பினான். தாத்தா போட்ட தண்டவாளத்தைப் பெயர்த்து, அதைப் பேரனைக் கொண்டே இன்னொரு காட்டில் போடவைத்த கொடுமை அது. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே இறந்த போர்க் கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனாபுரியில் கல்லறை இருக்கிறது, வரிசை வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு. அவர்களைப் போலப் பல மடங்காக இறந்த ஆசியத் தொழிலாளருக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. ஆர். சண்முகம் "சயாம் மரண ரயில்" என்று நாவல் எழுதினார். அந்த ஒரு புத்தகத்தின் வழியாகவே நம்மில் பலருக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தது. எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற கணக்கு எங்கே இருந்திருக்கும்? தோட்ட ஆபீசில், செக்ரோல் புத்தகத்தில் இருந்திருக்கும். ஒரு மாதம் வரை பெயருக்கு நேரே கோடு விழுந்திருக்கும். அடுத்த மாதம் அந்தப் பெயரே இருக்காது.

இப்போது நம் குற்றத்துக்கு வருகிறோம்.

நாம் வேலை செய்யும் தோட்டத்தில் ஒரு பகுதி கைமாறியது. பால்மரத்தை அழித்துச் செம்பனை வைக்கிறார்கள். ஆபீசை மற்றொரு பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. பழைய ஆபீசில் மூன்று அலமாரி நிறையப் புத்தகங்கள்: செக்ரோல், அரிசிக் கணக்கு, ஆயாக்கொட்டகைப் பெயர்ப் பட்டி, டிரஸ்ஸர் எழுதிய மருந்துக் குறிப்பு, பிரசவப் படி கொடுத்த கணக்கு. "தேவையில்லாததை அப்புறப்படுத்துங்கள்" என்று மேலே இருந்து ஒரு வரி. எது தேவை எது தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சனிக்கிழமை பிற்பகல், வீட்டுக்குப் போகும் அவசரம். புகைக்கூண்டுக்குப் பின்னால் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினோம். துணி பைண்டு போட்ட புத்தகம் சீக்கிரம் எரியாது. கம்பால் கிளறிக் கிளறி விட்டோம். இரண்டு நாள் புகைந்தது.

அடுத்த வாரம் ஒரு பாட்டி வந்தார். தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். இப்போது பட்டணத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். "கிராணி ஐயா, அம்பத்தெட்டாம் வருசத்துப் பிள்ளைபேத்துக் காசுப் புத்தகம் இருக்குங்களா?" என்று கேட்டார். எதற்குப் பாட்டி என்றோம். தம்பிக்காக என்றார். தம்பி பிறந்தது தோட்ட வீட்டில். மருத்துவச்சி பார்த்த பிரசவம். அப்பா ரயில் கேங்கிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பிறப்புப் பதிவு செய்யவில்லை. தம்பி ஆயுசு முழுக்கச் சிவப்புக் கார்டு. அதனால் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரியும். 1969இல் வேலை பெர்மிட் இல்லாமல் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்களே, அந்தக் காலத்தில் அந்தக் குடும்பம் எப்படியோ தப்பி நின்றது. சட்டம் என்ன சொல்கிறது? 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயிருந்தாலும், சட்டப்படியே குடிமக்கள். ஆனால் இந்த மண்ணில், இந்தத் தேதியில் பிறந்தார் என்பதை யார் சொல்வது? பிரசவப் படி வாங்கிய கணக்கில் தாயின் பெயர், பிள்ளை பிறந்த நாள், ஆணா பெண்ணா, டிரஸ்ஸர் கையெழுத்து, எல்லாம் இருக்கும். அந்தப் புத்தகம் நமக்கு நன்றாக நினைவிருந்தது. சிவப்புத் துணி முதுகு. நம் கையால்தான் தூக்கிப் போட்டோம்.

அந்தப் பாட்டியிடம் என்ன சொன்னோம் தெரியுமா? "கரையான் அரித்துப் போச்சு பாட்டி" என்று சொன்னோம்.

அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அந்தப் பொய் நம்மை நிம்மதியாய் இருக்கவிடவில்லை. இந்தக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசச் சொன்னபோது, முதலில் அவரிடம் உண்மையைச் சொல்லாமல் இந்த மேடை ஏறக் கூடாது என்று முடிவு செய்து, போன மாதம் அவர் வீட்டுக்குப் போனோம். எரித்தது நாங்கள்தாம் என்று சொன்னோம். கோபப்படுவார் என்று நினைத்தோம். சிறிது நேரம் சும்மா இருந்தார். "எரிச்சது எரிஞ்சு போச்சு. வேற எங்கயாச்சும் எழுதியிருக்கான்னு பாருங்க ஐயா. உங்களுக்குத்தான் எழுத்துத் தெரியுமே" என்றார். அதைவிட நம்மை அவர் அடித்திருக்கலாம்.

பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். கம்பிச் சடக்கு ஓரத்தில் ஒரு முனியாண்டி கோவில். அவர் அப்பா கேங்கில் இருந்தபோது, கேங் ஆட்கள் சேர்ந்து கல்லை நட்டுக் கும்பிடத் தொடங்கிய கோவில். பின்னால் தோட்டத்துக்கு மாறிய பிறகும் அப்பா அங்கேதான் வரி கொடுத்தார். "பிள்ளை பொறந்தா கோயிலுக்கு ஒரு வெள்ளி எழுதுவாரு" என்றார். போய்க் கேட்டோம். பூசாரி வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி. திறந்தால் கணக்கு நோட்டுகள். கரையான் உண்மையாகவே தின்றது போக மிஞ்சியதில், 1958ஆம் ஆண்டு நோட்டு இருந்தது. தந்தையின் பெயர், "ஆண் பிள்ளை பிறந்தது", தேதி, வெள்ளி 1. அழகான தமிழ்க் கையெழுத்து. யார் எழுதினாரோ, அவர் கையெடுத்துக் கும்பிடத் தக்கவர்.

அந்த ஒரு வரி போதுமா என்பது இன்னும் தெரியவில்லை. படம் பிடித்து, சத்தியக் கடுதாசியோடு, வயதானவர் இருவரின் சாட்சியையும் சேர்த்து மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை.

தோழர்களே, ஊர் வரலாறு என்றால் பெரிய பெரிய கட்டடம் என்று நினைத்துவிடுகிறோம். கட்டடத்துக்கு ஆள் இருக்கிறார்கள். கோலாலம்பூர் நிலையம் 1910இல் திறந்தது. அதைப் படம் பிடிக்காத வெளியூர்க்காரர் இல்லை. சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் நிலையம் 2011இல் மூடுவதற்கு முன்பே அதைத் தேசிய நினைவுச் சின்னம் என்று அறிவித்துவிட்டார்கள். நம் ஊரிலும் 2013இல் இரட்டைப் பாதை வந்து புது நிலையம் திறந்தபோது, பழைய கட்டடம் இடிபடாமல் தப்பியது. நல்லது. ஆனால் அதே இரட்டைப் பாதைக்காக வழியில் இருந்த சின்னஞ்சிறு பலகை நிலையங்கள் பல போய்விட்டன. நம் தாத்தாமார் இறங்கியது பெரும்பாலும் அப்படிப்பட்ட நிலையங்களில்தானே?

பேராக்கில் கோலா செப்பெத்தாங் போனால் ஒரு பலகையைப் பார்க்கலாம். பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885 ஜூன் முதல் நாள் இந்த நாட்டின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் போனது, எட்டு மைல். இலங்கையிலிருந்து கொண்டுவந்த பயனியர் படையினர் போட்ட பாதை. இன்று பாதை இல்லை, வண்டி இல்லை. நிலையத்தின் பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என்று நாலு எழுத்து. பெயர்ப் பலகையில் தமிழ் ஏறியது யாரும் தயவு பண்ணியதால் அல்ல. வண்டியில் ஏறி இறங்கினவர்களில் தமிழ் படிப்பவர் அவ்வளவு பேர் இருந்தார்கள். ஒரு மரப்பலகை சொல்லும் சாட்சி அது. யாரோ ஒருவர் விறகுக்கு எடுக்காமல் விட்டார். ஆகவே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பழம்பொருட்சாலை கட்டப் பணம் கேட்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

கிராணித் தோழர்களுக்கு முதலில். பழைய புத்தகம் கம்பெனியின் சொத்து. திருட்டுத்தனமாய் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. ஆனால் அப்புறப்படுத்தச் சொல்லி உத்தரவு வந்தால், உடனே தீக்குச்சியைத் தேடாதீர்கள். சங்கக் கிளையின் பெயரால் எழுத்து மூலம் கேளுங்கள். பெயர்ப் பட்டியும் பிரசவக் கணக்கும் செக்ரோலும் எங்களுக்குக் கொடுங்கள், அல்லது நகல் எடுக்க ஒரு வாரம் தவணை கொடுங்கள் என்று கேளுங்கள். காகிதத்தை எடைக்குப் போட்டால் சில வெள்ளிதான் வரும். அதை விட்டுக்கொடுக்க மறுக்கும் நிர்வாகம் குறைவு. இப்போது எல்லார் கையிலும் படம் பிடிக்கும் தொலைபேசி இருக்கிறது. பக்கம் பக்கமாகப் பிடியுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்பதை ஒரு தாளில் எழுதி முதல் படமாக வையுங்கள். இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்து அது யாருடைய கணக்கு என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு. டிரங்குப் பெட்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கப்பல் சீட்டு, ரயில்வே பாஸ், பழைய சங்கச் சந்தா அட்டை, வேலை பெர்மிட், திருமணப் படம். படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறும். யார், எங்கே, எந்த ஆண்டு. பாட்டியம்மாவுக்குத் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் சூடுபோட்டு ஒட்டிவிடாதீர்கள். அது காப்பது போல இருக்கும், பிறகு பிரிக்கவே முடியாது.

பெரியவர்களிடம் பேசும் வேலையை இளைஞர்களுக்கு விடுகிறோம். போனவுடன் "உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "என்னப்பா இருக்கு சொல்ல, கஷ்டப்பட்டோம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்படிக் கேட்காதீர்கள். பெரட்டு எத்தனை மணிக்கு? எந்த வண்டிச் சத்தம் கேட்டு எழுந்தீர்கள்? லயத்தில் பக்கத்து வீட்டில் யார்? சம்பளத்தன்று கடைக்காரர் எங்கே உட்காருவார்? சயாமுக்குப் போனவர் யார் வீட்டில்? இப்படிக் கேளுங்கள். பேச்சு தானாக வரும். பேசும் தமிழிலேயே எழுதுங்கள். திருத்தி அழகுபடுத்த வேண்டாம். நம் மலாய்ச் சொல்லும் சேர்ந்த பேச்சும் ஒரு வரலாறுதான்.

கோவில் கணக்கு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, இடுகாட்டுக் கல், கிளையின் பழைய கூட்டக் குறிப்பு, இவற்றை மறக்கக் கூடாது. நம் கிளைக் குறிப்பேடுகளே பாதி காணவில்லை என்பதைச் செயலாளர் ஒப்புக்கொள்வார். இங்கேயே உட்கார்ந்திருக்கிறார், முகத்தைத் திருப்புகிறார். (சிரிப்பு) கிடைக்கும் மூலத்தை நாமே வைத்துக்கொண்டு கரையானுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. 1957இல் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது; மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. கேட்டுப் பார்ப்போம். கட்டடத்துக்கும் இடத்துக்கும் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. சட்டம் தானாக நம் லயத்துக்கு நடந்து வராது. மனுப் போட வேண்டும், மனுவுக்குச் சான்று வேண்டும். சான்று யாரிடம் இருக்கிறது என்றுதான் இவ்வளவு நேரம் பேசினோம்.

ஒரு வேண்டுகோளோடு உட்காருகிறோம். சங்க மண்டபத்தின் பின்னறையில் ஓர் இரும்பு அலமாரியைக் காலி செய்து வைத்திருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பகல் வரை இரண்டு கிராணிமார் அங்கே இருப்பார்கள். உங்கள் தாள்களைக் கொண்டுவாருங்கள். உங்கள் கண் முன்பே படம் பிடித்துக்கொண்டு கையிலேயே திருப்பித் தருவோம், ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் தோட்டத்தின் பெயரையும் வீட்டு நம்பரையும் வாசலில் இருக்கும் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்; நாங்களே வருகிறோம். முனியாண்டி கோவில் நோட்டுகளில் இன்னும் பதினொன்று படிக்க வேண்டியிருக்கிறது. பழைய தமிழ்க் கையெழுத்தும் பழைய எண்ணும் படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் நம்மை வந்து பாருங்கள்.